சம்மன் வந்துவிட்டது, வக்கீலுக்குப் பணமில்லை

சட்டப் பக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவை. வீடு ஒரு மாநிலத்தில், வழக்கு அடுத்த மாநிலத்தில் என்பதுதான் எல்லாருடைய சிக்கலும். நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டோம். முதல் கேள்விக்கான பதில் நீளம்; மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வருவது நல்லது.

கேள்வி: எனக்குப் பிறந்த வீடு பொள்ளாச்சிப் பக்கம். கட்டிக்கொடுத்தது கொழிஞ்சாம்பாறை. ஆறு வயதுப் பையனோடு ஒன்றரை வருடமாக அம்மா வீட்டில் இருக்கிறேன். தென்னைநார் கம்பெனியில் வாரச் சம்பளம். இப்போது பாலக்காடு குடும்ப நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. கணவர் விவாகரத்து கேட்கிறார். நான் கொடுமைப்படுத்தியதாகவும் கைவிட்டுப் போனதாகவும் பத்துப் பக்கம் இங்கிலீஷில் இருக்கிறது. வக்கீல் 25,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். போகாமலே இருந்தால் என்ன? கேஸைப் பொள்ளாச்சிக்கு மாற்ற முடியுமா?

போகாமல் இருந்தால், அவர் சொன்னதை மட்டும் கேட்டு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்தப் பத்துப் பக்கத்தில் உள்ளதெல்லாம் மறுக்கப்படாத சங்கதி ஆகிவிடும். பிறகு ஜீவனாம்சம் கேட்கும்போதும், பையன் யாரிடம் இருப்பது என்ற பேச்சு வரும்போதும் அந்தத் தீர்ப்பை உங்கள் முன்னால் நீட்டுவார்கள். சம்மனை வாங்க மறுப்பதும் பயன் தராது. "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதி அனுப்பினால், சார்வு ஆனதாகவே, அதாவது சம்மன் உங்கள் கையில் சேர்ந்ததாகவே, நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

முதலில் வக்கீல் விஷயம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவின்படி பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமானம் எவ்வளவு, சொந்த வீடு இருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. வருமானச் சான்றுக்காகத் தாலுகா ஆபீஸில் நின்று நாளை வீணாக்காதீர்கள். பாலக்காடு நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. சம்மன் நகல், மனு நகல், ஆதார் நகல் மூன்றையும் கொண்டுபோய், வெள்ளைத்தாளில் தமிழிலேயே விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். வழக்கு எண், அடுத்த வாய்தா தேதி, உங்கள் கைபேசி எண் மூன்றும் அதில் கட்டாயம் இருக்கட்டும். ஏழு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. பொள்ளாச்சியில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவிலும் கொடுக்கலாம், அவர்கள் அனுப்பிவைப்பார்கள். ஆனால் காகிதம் எல்லை தாண்டிப் போகிற நேரத்தில் வாய்தா வந்துவிடும். நேரே பாலக்காடு போவதையே சொல்வோம். வழி தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண்.

வக்கீல் கிடைப்பதற்குள் வாய்தா வந்தால் நீங்களே ஆஜராகுங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984, 13ஆம் பிரிவின்படி அங்கே வக்கீல் வைத்துக்கொள்வதே உரிமையாகக் கேட்கக்கூடிய விஷயம் இல்லை, நீதிமன்றம் அனுமதித்தால்தான். அதனால் தானே வந்து நிற்பவரை அங்கே விநோதமாகப் பார்க்கமாட்டார்கள். காலை பத்து மணிக்கே போய், அறைக்கு வெளியே ஒட்டியிருக்கும் பட்டியலில் உங்கள் ஓ.பி. எண் (சம்மனில் உள்ள வழக்கு எண்) எத்தனையாவது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கூப்பிட்டதும் முன்னால் போய் நின்று மூன்று விஷயம் சொன்னால் போதும்: நான்தான் எதிர்மனுதாரர், வக்கீல் வைக்க வசதியில்லாமல் சட்ட உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன், எதிருரை (மனுவுக்கு எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்ய அவகாசம் வேண்டும். இதையே ஒரு தாளில் எழுதி, விண்ணப்ப நகலோடு சேர்த்து பெஞ்ச் கிளார்க்கிடம் கொடுங்கள். வாயால் சொன்னது மட்டும் கோப்பில் நிற்காது. அடுத்த தேதியைக் கேட்டு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், 16 எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். எண்ணைப் போட்டாலும் தேதி தெரியும். ஆனால் அதை மட்டும் நம்பி வாய்தாவைத் தவறவிட்டவர்கள் உண்டு.

எதிருரையை ஊரில் கவுண்டர் என்பார்கள், பாலக்காட்டில் அப்ஜெக்‌ஷன் என்றும் கேட்பீர்கள். சம்மன் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டிப்பார்கள். 90 தாண்டினாலும் தக்க காரணம் இருந்தால் ஏற்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இதற்கென்று பெரிய வழக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

வழக்கில் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது. "மனுவில் உள்ளது எல்லாம் பொய்" என்று ஒற்றை வரியில் எழுதினால் அது மறுப்பாகாது. குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. மனுவை ஒருவரைக் கொண்டு தமிழில் சொல்லச் செய்து, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் "சரி", "பொய்", "பாதி சரி" என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். கல்யாணத் தேதி, பையன் பிறந்த தேதி போன்றவற்றை ஒப்புக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மறுப்பவர் பேச்சில் எதுவும் எடுபடாது. மற்ற ஒவ்வொன்றுக்கும் "மனுவின் 6ஆம் பத்தியில் சொன்னபடி எதுவும் நடக்கவில்லை, அன்று நடந்தது இது" என்று தேதியோடு பதில் வேண்டும்.

உங்கள் வழக்கில் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. கைவிட்டுப் போனார் என்பதை விவாகரத்துக்குக் காரணமாக வைக்க, இந்து திருமணச் சட்டம் 1955, 13ஆம் பிரிவின்படி மனுப் போட்ட நாளுக்கு முன் தொடர்ச்சியாக இரண்டு வருடம் பிரிந்திருக்க வேண்டும். நீங்கள் பிரிந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது என்கிறீர்கள். அப்படியானால் மனுவில் பிரிந்த தேதியை எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். உண்மையான தேதிக்கு ஆறேழு மாதம் முந்தைய தேதியாக எழுதியிருக்க வாய்ப்பு நிறைய. பையனைக் கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் சேர்த்த ரசீது, தடுப்பூசி அட்டையில் உள்ள தேதி, அங்கே மருத்துவமனைக்குப் போன சீட்டு, ரேஷன் கார்டு, அந்த நாளில் கணவரோடு எடுத்த போட்டோ என்று ஏதாவது ஒன்று அவர் தேதியை உடைத்தால் அந்தக் காரணம் அதோடு விழும். பிறகு கொடுமை என்ற ஒன்று மட்டும் மிஞ்சும். அதை நிரூபிப்பது அவர் பொறுப்பு. காரணத்தோடு வெளியேறினீர்கள் என்றால், அடி, குடி, நகை அடகு என எதுவாக இருந்தாலும் அதையும் எழுதுங்கள். தக்க காரணத்தோடு போவது கைவிடுதல் ஆகாது.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். குடும்ப நீதிமன்றம் சாட்சியச் சட்டத்தின் கறார் விதிகளுக்குக் கட்டுப்பட்டதில்லை. ஆனால் குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால், போனில் உள்ளதைக் காட்ட உரிய சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

எதிருரை இங்கிலீஷில்தான் தயாராகும். கையெழுத்துப் போடுமுன் தமிழில் வரி வரியாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. குறுக்கு விசாரணையில் "இது நீங்கள் கையெழுத்துப் போட்டதுதானே?" என்று கேட்பார்கள். மூன்று பிரதி எடுங்கள்: நீதிமன்றத்துக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட சீலும் தேதியும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

எதிருரையோடு அன்றே இன்னொரு மனு போடுங்கள். இந்து திருமணச் சட்டம் 24ஆம் பிரிவில், வழக்கு நடக்கும் காலத்துக்கு மாதச் செலவும் வழக்குச் செலவும் கணவரிடம் கேட்கலாம். வக்கீல் செலவு, பொள்ளாச்சியிலிருந்து வந்துபோகும் பஸ் செலவு, அன்று போகும் சம்பளம், பையன் படிப்பு எல்லாவற்றையும் கணக்காக எழுதுங்கள். நோட்டீஸ் சார்வான 60 நாளுக்குள் ஆனமட்டும் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதனால்தான் முதல் நாளே போடச் சொல்கிறோம். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இருவரும் வரவு, செலவு, சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். உங்கள் வாரச் சம்பளத்தை மறைக்காதீர்கள். அது வெளியே வந்தால் தொகையோடு உங்கள் பேச்சின் மதிப்பும் குறையும். மனுப் போட்ட நாளிலிருந்தே தொகை கணக்காகும் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்துள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144ஆம் பிரிவு, அதன்படி தனியாக ஜீவனாம்சம் கேட்கவும் வழியுண்டு. இரண்டையும் போட்டால் ஒன்றைப் பற்றி மற்றதில் சொல்லிவிட வேண்டும். (கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம், 36ஆம் பிரிவில் மனைவிக்கு இதே போன்ற வழி உண்டு.)

வழக்கை மாற்றுவது பற்றி. கடைசியாக இருவரும் சேர்ந்து வாழ்ந்த ஊர் கொழிஞ்சாம்பாறை என்பதால் பாலக்காட்டில் வழக்குப் போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்தால்தான் முடியும், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 25ஆம் பிரிவு. உயர் நீதிமன்றங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. டெல்லியிலும் சட்ட உதவி கிடைக்கும். ஆனாலும் உங்களுக்கு நாங்கள் அதைச் சொல்லமாட்டோம். கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டினால் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்தான், டெல்லிக்கு அலையும் உழைப்பைப் பஸ் செலவு கேட்கும் மனுவில் போடுங்கள். தூத்துக்குடியிலோ சென்னையிலோ கைக்குழந்தையோடு இருப்பவர் என்றால் எங்கள் பதில் வேறாக இருந்திருக்கும்.

கேள்வி: மூணாறு பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். கல்யாணம் நடந்தது போடிநாயக்கனூரில். கணவர் திருப்பூர் போய் நாலு வருடம். தேனி நீதிமன்றத்தில் போன வருடமே விவாகரத்துத் தீர்ப்பு வாங்கிவிட்டார் என்று போன வாரம்தான் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எனக்கு ஒரு காகிதமும் வரவில்லை. பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்களாம். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், ஆனால் நாளை எண்ணிக்கொண்டு செய்ய வேண்டும். கல்யாணம் நடந்த இடத்தில் வழக்குப் போடலாம் என்பதால் தேனியில் போட்டது தப்பில்லை. தப்பு நடந்திருந்தால் அது சம்மன் அனுப்பியதில்தான். லயத்து (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டு) எண் எழுதாமல் "மூணாறு" என்று மட்டும் விலாசம் கொடுத்தால், தபால் எஸ்டேட் ஆபீஸ் வரை வந்து "ஆள் இல்லை" என்று திரும்பிவிடும். அதைக் காட்டிப் பத்திரிகை விளம்பரத்துக்கு அனுமதி வாங்குவார்கள். மூணாறில் யாரும் பார்க்காத ஏதோ ஒரு பேப்பரில் அது வந்துபோயிருக்கும்.

தீர்ப்பு சொன்ன அதே நீதிமன்றத்தில், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9, விதி 13இன்படி அந்தத் தீர்ப்பை ரத்துசெய்யக் கேட்டு மனுப் போட வேண்டும். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால் தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். உங்களுக்குப் போன வாரம் தெரிந்தது. அந்தத் தேதியை, யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்பதோடு இன்றே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நாள் கடந்திருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனுவும் சேரும், அதில் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் கேட்பார்கள்.

வேண்டிய காகிதங்கள்: தீர்ப்பின் சான்றிட்ட நகல், சம்மன் திரும்பிய உறை, விளம்பரம் வந்த பக்கம். மூன்றும் நீதிமன்றக் கோப்பில் இருக்கும், நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் அந்த மாதங்களின் செக்ரோல் (எஸ்டேட் வருகை, கூலிப் பதிவேடு) பதிவு, பி.எஃப். சீட்டு, ரேஷன் கார்டு வேண்டும். அதே லயத்தில், அதே பெயரில், சம்பளம் வாங்கிக்கொண்டு நீங்கள் இருந்தீர்கள் என்பதற்கு எஸ்டேட் ஆபீஸ் பதிவேட்டை விடப் பலமான சாட்சி வேறில்லை. கணவருக்கு அந்த லயம் தெரியும் என்பதையும் எழுதுங்கள். அவர் அங்கே குடியிருந்தவர் என்றால் சரியான விலாசம் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. சார்வில் சின்னக் குறை இருந்தது என்பதற்காக மட்டும் தீர்ப்பை ரத்து செய்ய மாட்டார்கள். வாய்தா தேதி உங்களுக்கு வேறு வழியில் தெரிந்தே இருந்தது என்று நீதிமன்றம் நம்பினால் மனு தள்ளுபடி. கணவர் வாட்ஸ்அப்பில் "தேனி கோர்ட்டுக்கு வா" என்று தேதியோடு அனுப்பியிருந்தால், அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் எதிர்த்தரப்பு அதை அன்று எடுத்துக்காட்டும்.

தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தால் மறுமணம் செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே மனுவோடு தீர்ப்பை நிறுத்திவைக்கவும் கேளுங்கள். அவர் மறுமணம் செய்துகொண்டார் என்பதாலேயே உங்கள் மனு செத்துப்போகாது, ஆனால் சிக்கல் கூடும். இலவச வக்கீலுக்கு தேவிகுளத்தில் உள்ள தாலுகா சட்டப்பணிக் குழுவிடம் கேட்கலாம். வழக்கு தேனியில் என்பதால் போடிமெட்டு இறங்கி அங்குள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணையத்தில் கொடுத்தால் விரைவாகும்.

இன்னும் தீர்ப்பு வரவில்லை, ஒரு வாய்தாவுக்குப் போகாததால் ஒருதலைப்பட்சம் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு வழி சுலபம். அடுத்த வாய்தாவிலேயே, அதே கட்டளை 9, விதி 7இல், காரணம் சொல்லி மனுக் கொடுத்தால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். எதிருரையையும் கையில் தயாராகக் கொண்டுபோங்கள்.

கேள்வி: நகரியில் தறி ஓட்டுகிறேன். மாதம் 14,000 ரூபாய் கிடைத்தால் அதிகம். மனைவி திருத்தணிப் பக்கம் தாய் வீட்டுக்குப் போய், அங்கிருந்தே விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறாள். இரண்டு வருடம் முன்பே ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 100 ரூபாய் பத்திரத்தில் எழுதி விலகிவிட்டோம். பிறகு எதற்குக் கேஸ்? ஆம்பளைக்கும் இலவச வக்கீல் தருவார்களா?

பத்திரத்தில் எழுதியது விவாகரத்து ஆகாது. உங்கள் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் பல காலமாக இருந்துவருகிறது என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் அது செல்லும், அதை நிரூபிப்பது கடினம். ஆகவே இன்றைக்கும் நீங்கள் மணமானவர்தான். அந்தப் பத்திரத்தை நம்பி இன்னொரு கல்யாணம் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதை 82ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறை இருக்கிறது. ஆனாலும் பத்திரத்தைக் கிழித்துப் போடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருந்தீர்கள், அப்போது என்ன பேசி முடித்தீர்கள் என்பதற்கு அது சாட்சியாகலாம்.

மனைவி தான் குடியிருக்கும் இடத்தில் வழக்குப் போட இந்து திருமணச் சட்டத்தில் 2003இல் வந்த திருத்தம் வழி செய்கிறது, கணவனுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே எல்லை தாண்டி நீங்கள்தான் போக வேண்டும்.

இலவச வக்கீல் உண்டு. ஆண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள், தமிழ்நாட்டில் வருடம் 3 லட்சம் ரூபாய். உங்கள் கணக்கு 1,68,000 தான். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பே கிடையாது. ஆந்திர அரசின் மீ சேவா மையத்தில் வாங்கும் வருமானச் சான்று தெலுங்கில் இருந்தால் தமிழ்நாட்டு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு கேட்கலாம். அதைவிட, வருமானம் பற்றி நீங்களே கொடுக்கும் பிரமாணப் பத்திரம் போதும் என்று சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 13ஆம் பிரிவே இடம் தருகிறது. அதையே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

விவாகரத்துக்கு நீங்களும் சம்மதம் என்றாலும் வீட்டில் உட்காராதீர்கள். ஒருதலைப்பட்சமாக விட்டால், கொடுமைக்காரர் என்று பதிவாவதோடு, மனைவி கேட்ட தொகை உங்கள் கூலிக்குத் தாங்காது என்று சொல்ல ஆள் இருக்காது. தறி முதலாளியிடம் கூலி நோட்டு நகல் வாங்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள். இருவரும் ஒத்துவந்தால் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் பரஸ்பர சம்மதமாக மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்குக் கிடைத்த இலவச வக்கீல் "டைப் செலவு" என்று 3,000 ரூபாய் கேட்கிறார். கணவர் தரப்பிலோ, பரஸ்பர சம்மதம் என்று சொல்லி வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். (சித்தூர் தாலுகா, பாலக்காடு)

இரண்டுக்கும் இல்லை என்றே சொல்லுங்கள். அந்த வக்கீலுக்கான கட்டணத்தை ஆணையமே தருகிறது, உங்களிடம் வாங்கக் கூடாது. வக்கீலை நியமித்த கடிதத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, மாவட்ட ஆணையச் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்து வேறு வக்கீல் கேளுங்கள். புது வக்கீல் வரும்வரை வாய்தாவுக்கு நீங்களே போய் நில்லுங்கள்.

பரஸ்பர சம்மத மனுவில் ஒரு வருடமாவது பிரிந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவே ஆறு மாதம் பொறுக்க வேண்டும். தகுந்த வழக்கில் அதை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த இரண்டாம் கட்டம் வரை உங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற முடியாது. தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், நகை யாரிடம், பிள்ளை யாரிடம், பார்க்க வரும் நாள் எது என்று நிரப்பி எழுதிய பிறகு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். தொகையில் ஒரு பங்காவது முதல் நாளில் வாங்கிக்கொண்டு, மீதியை இரண்டாம் கட்டத்தன்று நீதிபதி முன்னிலையில் டிமாண்ட் டிராஃப்டாகக் கேளுங்கள். காசோலை என்றால் வேண்டாம்.